இவருக்குச் சொல்லுங்கோ, தம்பி

அந்த மழைக்காட்டுக்குப் போக வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் ஆசை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வான் பிடித்தது கதிர்காமத்துக்கு. எங்கள் ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலும் இருக்கிற ஓய்வூதியக்காரர் பதினாலு பேர். கும்பிட்டு, மாணிக்க கங்கையில் முழுகி, நேர்த்தியெல்லாம் முடித்துத் திரும்பும்போதுதான் பயணத்தை ஒழுங்கு செய்த பழைய தபாலதிபர் வானுக்குள் எழுந்து நின்றார்.

"இவ்வளவு தூரம் வந்திட்டம். மலைக்குள்ளை இருக்கிற சிங்கராஜ வனத்தையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவம். எங்கடை ஊரிலை மலையும் இல்லை, ஆறும் இல்லை. சாகிறதுக்கு முதல் ஒருக்காப் பாக்க வேண்டாமோ?"

சாவைச் சொன்னால் எங்கள் ஆட்களை எதற்கும் சம்மதிக்க வைக்கலாம். எல்லோரும் ஓம் என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முன் சீற்றில் இருந்த அண்ணையும் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணை என்றால் என் கூடப்பிறந்த அண்ணை, நான் தங்கச்சி. அடுத்த வளவுக்காரர். பதினொரு வருடமாக நாங்கள் கதைப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் கதைக்காமல் இருப்பதற்கும் ஒழுங்குமுறை உண்டு. ஒரே கோயிலுக்குப் போகலாம், ஒரே பஸ்ஸில் ஏறலாம். முகம் பார்க்கக் கூடாது. அவசியமாக ஒன்று சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் மூன்றாம் ஆள் ஒருவரை நிறுத்திச் சொல்லலாம். அந்த ஆள் வாய் திறக்க வேண்டியதில்லை, நின்றால் போதும். அண்ணையின் ஆடு என் வாழையைக் கடித்தால் நான் பால்காரரிடம், "இவையின்ரை ஆடு என்ரை வாழையைத் திண்டுபோட்டுது எண்டு சொல்லுங்கோ" என்பேன். அண்ணை நாலு முழத்துக்கு அப்பால் நின்று கேட்டுவிட்டு, "கட்டிறன் எண்டு சொல்லும்" என்பார். பால்காரர் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் பாலை அளந்து ஊற்றிவிட்டுச் சைக்கிளில் ஏறுவார்.

இப்படிப்பட்ட கோபம் செத்தவீட்டோடு முடியும் என்பது ஊர்க்கணக்கு. ஆள் செத்தால் மற்றவர் ஓடிப்போய்த் தலையில் அடித்து அழுவார், சனம் பார்த்துக் கண்ணைத் துடைக்கும், எல்லாம் சரி. அதுவரைக்கும் இழுக்கலாம். இழுத்தோம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு வெட்கம்தான். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் கிளுவை வேலி இருந்தது. அதில் ஆள் புகுந்து வர ஒரு பொட்டு. அண்ணி இருந்த காலத்தில் கறிச்சட்டியும் பத்திரிகையும் அந்தப் பொட்டால்தான் போய்வரும். அண்ணி செத்து ஒரு வருடத்தால், தகப்பன் தனிய இருக்கிறார், வேலி பாதுகாப்பில்லை என்று கனடாவிலிருக்கிற மகள் மதில் கட்டச் சொன்னாள். மேசன்மார் நாலு வரி கல் வைத்த பிறகுதான் பார்த்தேன், பொட்டு இருந்த இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டு போகிறார்கள். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற யன்னலுக்குப் பின்னால் நின்று கத்திய தொண்டை எனக்கு. றோட்டில் இறங்கி, மேசன்மார் கேட்க, போகிற வருகிற சனம் கேட்க, "என்ரை செத்தவீட்டுக்கும் நீங்கள் வரக்கூடாது!" என்று கத்தினேன்.

அண்ணை உடுத்திருந்த சாரத்தைக் கையில் பிடித்தபடி நின்று முழுவதையும் கேட்டார். பிறகு உள்ளே போய்விட்டார். கலியாணம் கட்டாத எனக்கு இந்த நாட்டில் மிஞ்சியிருந்த ஒரே சகோதரத்திடம் அப்படிச் சொன்னேன். மற்ற இரண்டு பேரும் வெளிநாட்டில். அதிலும் ஒருவர் இப்போது இல்லை.

அண்ணையும் இந்தப் பயணத்துக்கு வருகிறார் என்று தெரிந்துதான் நானும் பெயர் கொடுத்தேன். சாகும்வரை காத்திருக்காமல், உயிரோடு இருக்கும்போதே அவரோடு நேரே கதைத்துவிட வேண்டும். இதைத்தான் கதிர்காமத்தானிடமும் கேட்டேன். கேட்டு இரண்டு நாளாகியும் வானுக்குள் அவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு. பதினாலு பேருக்கு நடுவில் எனக்குப் பக்கத்துச் சீற்றில் என் துணிப்பைதான் இருந்தது. தோழிமாரோடு வந்தவர்கள் சிரித்துக்கொண்டும் முறுக்குக் கடித்துக்கொண்டும் வந்தார்கள். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

காட்டு வாசலில் இறங்கியபோது காலை எட்டு மணி இருக்கும். தூறிக்கொண்டிருந்தது. ரிக்கற் கொடுக்கிற இடத்தில் ஒருவர் காலைக் காட்டி, அட்டை ஏறும் என்று சைகையில் சொன்னார். அவ்வளவுதான், பாதிப் பேருக்குக் காடு பார்க்கிற ஆசை போய்விட்டது. அட்டை சாம்பலுக்குக் கிட்ட வராது என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்த தபாலதிபரின் மனைவி, கதிர்காமத்தில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தார்.

"முருகா எண்டு சொல்லிப் பூசுங்கோ. ஒண்டும் கிட்ட வராது."

நெற்றியில் பூச வேண்டியதை முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் பூசிக்கொண்டு ஒன்பது பேர் வரிசையில் நின்றோம். வழிகாட்டிகள் இரண்டு பேர் எங்கள் கால்களைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தூறலில் திருநீறு பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கெதியாக நடக்கக்கூடிய ஏழு பேரை ஒரு வழிகாட்டி கூட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னுக்கு மிஞ்சியது இரண்டே பேர். முழங்கால் வருத்தக்காரி நான். மூச்சு வாங்குகிற அண்ணை. எங்களோடு வர வேண்டி வந்தது அந்த முகம் திருப்பிய வழிகாட்டி. நாற்பது வயது இருக்கும். பச்சைச் சீருடை, றப்பர் சப்பாத்து. வாசலில் எல்லோரோடும் சிங்களம் கதைத்துக்கொண்டு நின்றவர். எங்களைப் பார்த்து, "ஹெமின், ஹெமின்" என்றார். மெல்ல மெல்ல என்று அர்த்தம். அந்தளவு சிங்களம் எனக்கும் தெரியும்.

ஏறிப் போகிற பாதை. இரண்டு பக்கமும் மரம், மரத்தின்மேல் மரம், அதன்மேல் கொடி. வானம் எங்கேயும் தெரியவில்லை. எங்கள் ஊரில் படலையைத் திறந்தால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் வானம்தான். இங்கே அண்ணாந்து பார்த்தால் இலை சொட்டுகிறது. பாதையோரம் தண்ணீர் தன்பாட்டில் ஓடுகிறது, அள்ள ஆளில்லை, காவல் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் செலவழித்து வளர்ந்த எனக்கு அது நெஞ்சை என்னவோ செய்தது. பக்கத்தில் இருக்கிறவரிடம், "பாத்தியளே அண்ணை, எவ்வளவு தண்ணி!" என்று சொல்ல வாய் வந்தது. வந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கே என்னில் எரிச்சல் வந்தது.

முதலில் வாய் திறந்தது அண்ணைதான். என்னிடம் அல்ல.

"தம்பி, உவவின்ரை குதிக்காலிலை அட்டை ஏறுது. சொல்லும்."

விரலையும் நீட்டினார். வழிகாட்டி குனிந்து அட்டையைச் சுண்டிவிட்டார். நான் நிலத்தைப் பார்த்தபடி, "இவருக்கு நன்றி எண்டு சொல்லுங்கோ, தம்பி" என்றேன். வழிகாட்டி சிரித்துத் தலையாட்டினார். பாவம், ஒரு சொல்லும் விளங்கியிருக்காது என்று நினைத்தேன். அதுவும் எனக்கு நல்லதாய்ப் பட்டது. பால்காரர் என்றால் ஊருக்குள் போய்ச் சொல்லுவார். இந்த ஆள் யாருக்குச் சொல்லப் போகிறார்?

கொஞ்சத் தூரம் போனதும் அண்ணைக்கு மூச்சு இழுத்தது. நின்றார்.

"இண்டைக்குப் பிறசர் குளிசை போட்டவரோ எண்டு கேளுங்கோ, தம்பி."

"போட்டனான் எண்டு சொல்லும்."

"சாப்பாட்டுக்கு முதலோ, பிறகோ?"

"முதல் போட்டாப் பெரிய பிழையோ எண்டு கேளும்."

"பிறகெல்லோ போடோணும்! எழுதிக் குடுத்தாலும் வாசிக்கிறேல்லை. எழுபது வயசாகுது, இன்னும் ஒரு புத்தி வரேல்லை எண்டு சொல்லுங்கோ!"

அண்ணையின் தோள் குலுங்கியது. சிரித்தார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அண்ணை சிரிக்கிற சத்தத்தைக் கேட்டேன். எனக்கும் சிரிப்பு வந்தது. நடுவில் நின்ற வழிகாட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஹரி, ஹரி" என்றார், சிங்களத்தில் சரி சரி என்று.

பிறகு கதை நிற்கவில்லை. அந்த மனிதரை நடுவில் விட்டு, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அண்ணையுமாக எவ்வளவு கதைத்தோம்! சுன்னாகத்தில் வெங்காயம் விலை இறங்கினது, அண்ணையின் தோட்டக் கிணற்றில் உப்பு ஏறுவது, எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் பிறந்து லண்டனில் செத்த நடுவிலண்ணையின் கடைசி நாட்கள். நடுவிலண்ணையின் செத்தவீட்டை நாங்கள் இரண்டு பேரும் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனியாகப் போனில் பார்த்திருக்கிறோம். ஒரே நேரத்தில், தனித்தனியாக அழுதிருக்கிறோம். அதையும் வழிகாட்டிக்குத்தான் சொன்னோம்.

ஒரு வளைவில் அண்ணை பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தம்பி, இவவுக்கு ஒண்டு சொல்லும். அந்த மதிலிலை ஒரு இரும்புப் படலை வைக்கத்தான் இருந்தனான். படலை ஒட்டக் குடுத்தது வரப் பிந்திப் போச்சு. பிறகு கல்லை உடைச்சு வைப்பம் எண்டு மேசனுக்குச் சொல்லியிருந்தனான். இவ அதுக்குள்ளை றோட்டிலை நிண்டு கத்திப் போட்டா. படலை இப்பவும் வீட்டுக்குப் பின்னாலை என்ரை கோடிக்குள்ளை கறள் பிடிச்சுக் கிடக்குது."

பதினொரு வருடம்! ஒரு நாள் பொறுத்திருந்தால், ஒரேயொரு நாள் இந்த வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால்!

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமெல்லோ எண்டு கேளுங்கோ."

"ஆர் கேட்டது எண்டு சொல்லும்."

நடந்தேன். அண்ணையும் நடந்தார். அடுத்ததை நடந்துகொண்டே சொன்னார், சந்தைக்குப் போகிறேன் என்று சொல்கிற குரலில்.

"வாற மாசம் கனடாவுக்குப் போறன் எண்டும் சொல்லும். விசா வந்திட்டுது. மகள் தனிய விட ஏலாதெண்டு நிக்கிறாள். இனித் திரும்பி வாற எண்ணம் இல்லை. வீடு பூட்டுறதுதான்."

காட்டில் அட்டையைத் தவிர வேறு ஒன்றுக்கும் நான் பயப்படவில்லை. இதைக் கேட்டதும் பயந்தேன். கோபம் செத்தவீட்டோடு முடியும் என்று இவ்வளவு காலமும் ஒரு தைரியம் இருந்தது. அவர் பனிக்குள் செத்தால் நான் எந்த முற்றத்துக்கு ஓடுவது? நான் செத்தால் அவர் எந்த மதிலைச் சுற்றி வருவார்? போகவேண்டாம் என்று இப்போதே சொல்ல வேண்டும். இந்தக் காடு முடிவதற்குள் சொல்ல வேண்டும். வானில் ஏறினால் முடியாது. அங்கே பன்னிரண்டு சோடிக் காது இருக்கிறது.

பாதை ஒரு ஓடைக்கு வந்து சேர்ந்தது. மேலே பாறையில் தண்ணீர் விழுந்து கொண்டிருந்தது. ஓடைக்குக் குறுக்கே மரப்பாலம். பாலத்தில் வழிகாட்டி நின்றார், அவருக்கு இரண்டு பக்கத்திலும் நாங்கள் நின்றோம். பாலத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, இவருக்குச் சொல்லுங்கோ…"

வழிகாட்டி காத்துக்கொண்டு நின்றார்.

"இவருக்குச் சொல்லுங்கோ, தம்பி…"

"அம்மா, நீங்களே சொல்லிருங்க. ஐயா இந்தா, பக்கத்துலதானே நிக்கிறாரு."

தமிழ்! நல்ல தமிழ், மலையகத்துத் தமிழ். அண்ணைதான் கேட்டார்.

"உமக்குத் தமிழ் தெரியுமோ?"

"நான் இறக்குவானைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவன் ஐயா. வீட்டுல தமிழ்தான்."

"அப்ப ஏன் இவ்வளவு நேரமும் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலியே." அந்த மனிதர் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். "பொறவு, நான் வாயத் தொறந்தா நீங்க ரெண்டு பேரும் நிறுத்திருவீங்கன்னு பட்டுச்சு. நல்லாத்தானே பேசிக்கிட்டு வந்தீங்க."

கேட்கவில்லைத்தான். சீருடையைப் பார்த்தோம், நாங்களே முடிவு செய்தோம். காட்டில் வேலை செய்கிற ஒருவர் தமிழராக இருக்கலாம் என்று படித்த எங்கள் இரண்டு பேரின் மண்டையிலும் ஏறவில்லை. குடும்பத்துக் குப்பை முழுவதையும் அந்த மனிதரின் காலடியில் கொட்டியிருக்கிறோம், அவர் மரியாதையாகச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்.

"நான் முன்னுக்கு நடக்கிறேன். நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாலத்தைக் கடந்து, வாசலுக்குத் திரும்புகிற பாதையில் வளைவுக்கு அப்பால் போனார்.

நடுவில் ஆளில்லை. அண்ணை என்னைப் பார்த்தார். முகத்துக்கு நேரே பார்த்தார். கண்ணுக்குக் கீழே தோல் தொங்கிப் போயிருந்தது. எப்போது இவ்வளவு கிழண்டுபோனார் என்று நினைத்தேன். நான் சொல்லப் போவதற்காக அவர் காத்துக்கொண்டு நிற்கிறார் என்றும் எனக்கு விளங்கியது. வாயைத் திறந்தேன்.

"வான் வெளிக்கிடப் போகுது" என்றேன்.

அண்ணை பொல்லை எடுத்து ஊன்றினார்.

"ஓம்" என்றார்.

அவ்வளவுதான். விசரி, விசரி என்று என்னையே ஏசிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். திரும்பி வருகிற பாதை முழுவதும் ஒரு சொல் இல்லை. வழிகாட்டி சொன்னது சரிதான், அவர் வாய் திறந்தார், நாங்கள் நிறுத்திவிட்டோம். வாசலில் அவரிடம், "கோவிக்காதையுங்கோ, தம்பி" என்று மட்டும் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். என் கையைப் பிடித்துப் படியால் இறக்கிவிட்டார்.

வானுக்குள் தபாலதிபர் பகிடி விட்டார். "என்ன, அண்ணனும் தங்கச்சியும் காட்டுக்குள்ளை சமாதானமாப் போட்டியளோ?"

"உங்கடை வேலையைப் பாருங்கோ" என்று பாய்ந்தேன். எல்லோரும் அடங்கிவிட்டார்கள். அண்ணை முன் சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். யாழ்ப்பாணம் வரைக்கும் அப்படியே இருந்தார்.

அதன் பிறகு ஐந்து கிழமை இருந்தது. ஐந்து கிழமையும் இன்றைக்குச் சொல்லுவேன், நாளைக்குச் சொல்லுவேன் என்று மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பெட்டி நிறுக்கிற சத்தம், ஆடு வாங்க வந்தவர்களின் சத்தம், கதவுக்குப் பூட்டு மாற்றுகிற சத்தம் எல்லாம் கேட்டது. நான் தட்டை வடை சுட்டுத் தபாலதிபரின் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். "நல்லாயிருக்காம் எண்டு சொல்லச் சொன்னவர்" என்று அவர் வந்து சொன்னார். போகிற அன்று பின்னேரம் வான் வந்தது. என் படலைக்கு உள்ளே சேலை மாற்றிக்கொண்டு தயாராக நின்றேன். அண்ணை வந்து சொல்லிவிட்டுப் போவார் என்று நின்றேன். அவரும் நான் வருவேன் என்று நின்றிருப்பார். வான் கொஞ்ச நேரம் நின்று இரைந்தது, பிறகு போய்விட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணையின் மகள் போன் எடுப்பாள். "மாமி, கிணத்திலை தண்ணி நிக்குதோ எண்டு அப்பா கேக்கிறார்." "நிக்குது எண்டு சொல்லு." "மாமி, முருங்கை காய்ச்சதோ எண்டு கேக்கிறார்." இப்படியே ஆறேழு மாதம் போனது. போன மாதம் ஒரு நாள் அவளுக்கும் பொறுமை போய்விட்டது. "மாமி, எனக்கு வேலைக்கு நேரமாச்சு. உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை நிக்க என்னாலை ஏலாது. இந்தாங்கோ, கதையுங்கோ" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அண்ணையின் மூச்சுக் கேட்டது. நான் கதிரையில் இருந்தேன்.

"அண்ணை."

"ஓம்."

"நீங்கள் போயிருக்கக் கூடாது" என்றேன். மருந்து யன்னலில் கத்துகிற மாதிரித்தான் வந்தது. எனக்கு வேறு குரல் இல்லை.

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"அண்டைக்குப் பாலத்திலை நீ அதைச் சொல்லியிருந்தா, நான் நிண்டிருப்பன் பிள்ளை" என்றார்.

போனை மடியில் வைத்துவிட்டுச் சத்தம் போட்டு அழுதேன். அடுத்த வளவில் கேட்க ஒருவரும் இல்லை.